ஒரே இழை, பதினெட்டு நிறுத்தம்

இந்தக் கதையை நான் கண்ணால் பார்த்ததில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொன்னவர் எங்கள் கல்லூரி விடுதியில் சமையல் செய்த முத்தையா அண்ணன். அவருக்குச் சொன்னவர் அவருடைய மைத்துனி, அந்த லைனில் பதினோராம் வீட்டில் குடியிருந்தவர். முத்தையா அண்ணன் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர் என்பதால் மைத்துனியிடமும் தனியாகப் போய்க் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போன இடங்களை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். எண்கள் ஒத்துப்போகாத இடத்தில் சிறிய எண்ணை எடுத்துக்கொண்டேன்.

கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவே, கரிசல் காட்டின் ஓரத்தில், பக்கத்துச் சுவரைப் பகிர்ந்துகொண்டு பதினெட்டு வீடுகள் ஒரே வரிசையில் நிற்கிற ஒரு லைன் இருந்தது. அதன் முதல் வீட்டில் சங்கரேஸ்வரியும் அவள் கணவர் குருசாமியும் குடியிருந்தார்கள். குருசாமி இருபத்து நாலு வருஷமாகக் காலை ஐந்து நாற்பது பேருந்தை ஓட்டியவர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே பேருந்தைத்தான் கொண்டுவந்து சங்கரேஸ்வரி வீட்டு வாசலில் நிறுத்தினார், உள்ளே பயணிகள் இருந்தார்கள், அவர்களும் இறங்கி வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பத்திரண்டாம் வயதில் மருத்துவப் பரிசோதனையில் சாப்பிட்ட பிறகு சர்க்கரை முந்நூற்றுப் பதினெட்டு என்று வந்தது. டாக்டர் மாத்திரையோடு இருபத்தொரு நாள் விடுப்பும் எழுதினார். திரும்ப வரும்போது இருநூறுக்குள் இருந்தால் ஸ்டியரிங், இல்லாவிட்டால் பணிமனையில் டயருக்குக் காற்றுப் பிடிக்கிற வேலை என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த குருசாமி நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. வலது கால் மட்டும் தரையை மெல்ல அழுத்துவதும் விடுவதுமாக இருந்தது, வாசலில் ஆடு குறுக்கே போனால் பாதம் சட்டென்று அழுந்தி நின்றது. டயருக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கிற குருசாமியைச் சங்கரேஸ்வரியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்கிற சின்னப் பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் மேசை இழுப்பறையைத் திறந்து தேடினாள்.

"கேப்பை, கம்பு, சாமை எல்லாத் தாளும் காலையில வந்தவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்கம்மா. இத்தாலிதான் மிச்சம் இருக்கு."

"இத்தாலியில யாருக்கும் சுகர் இல்லையாம்மா?"

"இருக்கும். ஆனா தாள்ல நல்லதாத்தான் போட்டிருக்கு. முழுக் கோதுமை, தக்காளி, பூண்டு, கீரை, கொஞ்சமா எண்ணெய். அரை மணி நேர வேலை. அளவாப் போட்டுக் குடுங்க."

'இத்தாலிய முறையில் எளிய வீட்டுச் சமையல்' என்று தலைப்பிட்டிருந்த அந்தத் தாளின் அடியில், தினமும் முக்கால் மணி நேரம் நடக்கவும் என்றும் ஒரு வரி இருந்தது. அதைச் சங்கரேஸ்வரி வாசித்துக் காட்டியபோதுதான் குருசாமி முதல்முதலாக வாயைத் திறந்தார்.

"ஊரையே உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனவன் நான். என்னைய நடக்கச் சொல்லுதியா?"

நடை அத்தோடு முடிந்தது. மிச்சமிருந்தது இத்தாலி. தாளில் முதல் பொருளாக ஆலிவ் எண்ணெய் என்று போட்டிருந்தது. மளிகைக் கடையில் இல்லை, மெடிக்கல் ஷாப்பில் உள்ளங்கைக்குள் அடங்குகிற பாட்டிலில் இருந்தது.

"குழந்தைக்கு எத்தனை மாசம்க்கா?" என்றார் கடைக்காரர்.

"அம்பத்திரெண்டு வயசு."

அவர் பாட்டிலைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றினார். "குளிப்பாட்டுறதுக்கு அரை மணி முன்னாடி தேய்ங்க. மூக்குல படாமப் பாத்துக்கிடுங்க."

வீட்டுக்கு வந்து திறந்து மோந்து பார்த்தால் பிரசவ வார்டு வாசம் அடித்தது. நல்லெண்ணெய்க்கே திரும்பிவிட்டாள். அடுத்தது பேசில் இலை. தாளில் இருந்த படம் துளசி மாதிரி இருந்ததால் துளசியைப் போட்டுத் தக்காளியும் பூண்டும் வதக்கிக் கொடுத்தாள். குருசாமி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு உள்ளங்கையைப் பார்த்தார். "தீர்த்தம் குடிச்ச மாதிரி இருக்கு சங்கரி. மிச்சத்தைத் தலையில தடவிக்கிடவா?"

படத்தைச் சரியாக அடையாளம் கண்டவர் இரண்டாம் வீட்டு மரியபுஷ்பம். அது துளசி இல்லை, திருநீற்றுப்பச்சிலை, அடிபம்புக்குப் பின்னால் சும்மா முளைத்துக் கிடக்கிறது என்று ஒரு கொத்தைப் பிடுங்கிக் கொடுத்தார். தாளில் போட்டிருக்கிற பாஸ்தாவைக் கடையில் வாங்கினால் எல்லாம் மைதா, நீயே கோதுமையை அரைத்துப் பிழிந்துகொள் என்று சொன்னவரும் அவர்தான். தன் கல்யாணத்துக்குச் சீராக வந்த பித்தளை முறுக்கு உரலையும் ஒற்றைக்கண் அச்சையும் எடுத்துக் கொடுத்தார்.

அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி சீனியோ நாலு மிளகாயோ உள்ளே போட்டுத்தான் கொடுப்பார்கள்.

"நாளைக்கே தந்துருதேன் மரியக்கா."

"நிதானமாத் தா. வெறும் உரலாத் தந்துராத."

அப்படியாக மூன்றாம் நாள் காலையில் சங்கரேஸ்வரி இரண்டு டம்ளர் சம்பாக் கோதுமை மாவைப் பிசைந்து உரலில் அடைத்து, கொதிக்கிற தண்ணீருக்கு மேலே பிடித்துப் பிழிந்தாள். இழை வந்தது. தண்ணீரில் விழுந்து, வெந்து, ஒரு சுற்றுச் சுற்றி மேலே எழும்பியது, கரண்டியால் எடுத்துத் தட்டில் விட்டாள், தட்டு நிறைந்ததும் இன்னொரு தட்டை வைத்தாள், அதுவும் நிறைந்ததும் குண்டானை வைத்தாள், குண்டானும் நிறைந்தபோது கை வலித்ததால் உரலை அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் சாய்த்து வைத்துவிட்டுக் கையை உதறினாள், அப்போதும் இழை வந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே மாவு எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. மூடினாள். இழை வந்தது.

"என்னங்க, இது நிக்க மாட்டேங்கு" என்றாள்.

குருசாமி எட்டிப் பார்த்தார். "பிரேக் பிடிக்கலபோல" என்றார்.

குண்டானிலிருந்து வழிந்த இழை நடையில் இறங்கியது. தரையில் பட்டுவிடக் கூடாதே என்று நுனியைக் கையில் தூக்கிக்கொண்டு குருசாமி வாசலுக்கு வந்தார், இழை பின்னாலேயே வந்தது, வாசலிலும் நிற்க இடமில்லாமல் இரண்டாம் வீட்டுப் பக்கம் நடந்தார். மரியபுஷ்பம் வெளியே வந்து பார்த்துவிட்டு, மேலே போட்டுக்கிடுங்க அண்ணாச்சி, ஆடு மேயும் என்று துணிக்கொடி ஆணியைக் காட்டினார். இப்படியே ஆணிக்கு ஆணி மாட்டி மாட்டி குருசாமி பதினெட்டாம் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார், பரிசோதனைக்குப் பிறகு முதல்முறையாக இவ்வளவு தூரம் நடந்திருப்பது அவருக்கே தெரியவில்லை.

இழை வந்த முதல் நாள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் எல்லோரும் தட்டோடு வந்தார்கள். மூன்றாம் நாள் அது ஓர் ஏற்பாடாகிவிட்டது. விடிந்ததும் உரலில் இழை புறப்படும், விளக்கேற்றுகிற நேரத்தில் தானாக நின்றுகொள்ளும், ஞாயிற்றுக்கிழமையாவது ஓய்வு எடுக்கும் என்று மரியபுஷ்பம் எதிர்பார்த்தார், எடுக்கவில்லை. நுனியைப் பதினெட்டாம் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அங்கே அவர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கத்திரிக்கோலால் வெட்டிக்கொள்வார்கள், பிறகு பதினேழு, பிறகு பதினாறு என்று வெட்டிக்கொண்டே வர வேண்டும், முதல் வீட்டுக்காரர்கள் கடைசியில்தான் சாப்பிட முடியும். தண்ணீர் லாரி வந்தாலும் ரேஷன் வந்தாலும் கடைசியில் நின்று பழகிய பதினெட்டாம் வீட்டுக்கு இது புதிதாக இருந்தது. நான்காம் வீட்டுக்காரர் இது நியாயமா என்று கேட்டார். நடுவில் வெட்டினால் அந்தப் பக்கம் போகாதே என்று சங்கரேஸ்வரி சொன்னதும், அதுவும் சரிதான் என்று போய்விட்டார்.

இத்தாலித் தாள் வீட்டுக்கு வீடு கைமாறி மடிப்பில் கிழிந்தது. ஒரு வீட்டில் தக்காளியும் பூண்டும் திருநீற்றுப்பச்சிலையும் கொதித்தன, ஒரு வீட்டில் முருங்கைக்கீரையையும் வறுத்த கடலையையும் பூண்டோடு அரைத்துப் பச்சையாகப் புரட்டினார்கள், சீஸ் என்று போட்டிருந்த இடத்தில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரை உதிர்த்துப் போட்டார்கள், ஐந்தாம் வீட்டில் யார் சொல்லியும் கேட்காமல் வத்தக்குழம்பை ஊற்றினார்கள். கேபிள்காரர் வந்து தன் வயரோடு சிக்கிக்கொள்கிறது என்று புகார் சொல்லிவிட்டு ஒரு முழம் வாங்கிப் போனார். இன்னொரு நாள் சுகாதார ஆய்வாளர் வந்து, பொது வழியில் உணவுப் பண்டம் தொங்குகிறது என்று நோட்டில் எழுதினார், நீளம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் கோடு போட்டார், பூண்டு தூக்கலாகப் போட்டதில் ஒரு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மின்கம்பி என்று நினைத்துச் சிட்டுக்குருவிகள் வந்து உட்கார்ந்தன. இழை சூடாக இருந்ததால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு பறந்தன.

குருசாமிக்கு நாற்காலி மறந்துபோனது. இழையின் நுனியை இரண்டு கையாலும் ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துக்கொண்டு புறப்படுவார், ஒவ்வொரு வாசலிலும் வேகம் குறைத்து நிற்பார், ஆணியில் மாட்டுவார், "போலாம் ரைட்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நகருவார். காலையில் எட்டு நடை, மதியம் எட்டு நடை, சாயங்காலம் ஆறு. நடையா என்று யாராவது கேட்டால் கோபம் வரும். "டிரிப்" என்பார். வீட்டுக்கு வாங்கின மீட்டரில் பார்த்தால் சர்க்கரை முந்நூற்றுப் பதினெட்டிலிருந்து இருநூற்று எண்பதாகி, இருநூற்று ஐம்பத்தைந்தாகி, விடுப்பின் பன்னிரண்டாம் நாள் இருநூற்று இருபத்தாறாக வந்து நின்றது. எல்லாம் இத்தாலித் தாளின் மகிமை என்று சங்கரேஸ்வரி நினைத்தாள்.

இடையில் மரியபுஷ்பம் உரலைக் கேட்டார். மகளுக்கு வளைகாப்பு, முறுக்குச் சுட வேண்டும்.

"வெறுமனே தரக் கூடாதுன்னுதான் பாக்கேன் மரியக்கா."

"வெறுமனே எங்க இருக்கு? பதினெட்டு வீட்டுக்குல்ல வந்துக்கிட்டு இருக்கு."

"அதுக்குத்தான் சொல்லுதேன். நின்னாத்தான் கழுவ முடியும்."

மரியபுஷ்பம் யோசித்துவிட்டு, சரி, கடையில வாங்கிக்கிடுதேன் என்று போனார்.

பன்னிரண்டாம் நாள் மதியம்தான் அது நடந்தது. பதினெட்டாம் வீட்டு வெள்ளைத்துரை ஒரு மிட்டாய்க் கடையில் சேவு மாஸ்டர். விடியற்காலையிலிருந்து எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுவிட்டுப் பசியோடு வந்தவர், வாசலில் ஆவி பறக்கத் தொங்கிய நுனியைப் பார்த்தார், கத்திரிக்கோல் உள்ளே இருந்தது, வாய் இங்கேயே இருந்தது. அண்ணாந்து அப்படியே கடித்துவிட்டார். பதினேழாம் வீட்டு ஜன்னல் அதைப் பார்த்துவிட்டது.

சாப்பிடத் தட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். துண்டு துண்டாக இருந்திருந்தால் பிரச்சினை இல்லை. இது ஒரே இழை. ஒரு நுனியை ஒருவர் கடித்தால் மறுநுனி வரைக்கும் எச்சில்தானே? அடிபம்படியில் கூட்டம் கூடியது.

"தொட்டியில ஒருத்தன் வாய் வச்சுக் குடிச்சா தொட்டித் தண்ணி பூரா எச்சில்தான்" என்றது பதினேழாம் வீடு.

"ஆத்துல மாடு வாய் வைக்கி. ஆறு எச்சிலா?" என்றது பதினோராம் வீடு.

"ஆறு ஓடுது."

"இதுவும் ஓடத்தான செய்யுது."

"கடைசி வீடு பள்ளத்துல இருக்கு. எச்சில் மேட்டுக்கு ஏறாது. வேணும்னா பதினேழாம் வீட்டோட ஒரு கோட்டைப் போட்டுருவோம்."

"எங்க வீட்டோட ஏன் கோடு? உன் வீட்டோட போடேன்."

ஒன்பதாம் வீட்டில் குடியிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர், நாற்பது வருஷமாக எல்லோரும் நாக்கில் தொட்டு ஒட்டின ஸ்டாம்பைத்தான் தான் பையில் சுமந்ததாகவும், அந்தக் கவரைப் பிரித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் உண்டு என்றும் சொன்னார். அது காகிதம், இது கோதுமை என்று அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

எல்லோரும் எச்சிலைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் பதினேழாம் வீட்டுக்காரர் கடித்திருந்தால் இவ்வளவு பேர் எழுந்திருப்பார்களா என்று சங்கரேஸ்வரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. பதினெட்டாம் வீட்டில் இதுவரை லைனில் ஒருவரும் கை நனைத்ததில்லை. ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. தண்ணீர் லாரிக்கு அவர்கள் குடம் கடைசியில் நிற்பதற்குக் காரணம் வீடு கடைசியில் இருப்பது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், அதை இப்போது நினைக்கையில் முகம் சுட்டது.

இரண்டு நாள் லைன் சாப்பிடவில்லை. ஆணிகள் வெறுமனே இருந்தன. இழை முதல் வீட்டுக்குள்ளேயே வந்து குவிந்தது. அண்டாவில் அடைத்தார்கள், குளியல் தொட்டியில் அடைத்தார்கள், பீரோவுக்கு மேலே வைத்தார்கள். குருசாமி மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்து, அதே இழையை, அதே தக்காளியில், அதே அளவில் சாப்பிட்டார். பதினான்காம் நாள் சர்க்கரை பார்த்தால் இருநூற்று நாற்பத்தொன்பது.

சங்கரேஸ்வரி மீட்டரையும் தட்டையும் குருசாமியின் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். சாப்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான். அது என்னவென்று அவளுக்குச் சட்டென்று விளங்கியது. அதை வாய்விட்டுச் சொன்னால் மனிதர் நாற்காலியிலிருந்து அசையவே மாட்டார் என்பதும் கூடவே விளங்கியது. இன்னும் ஏழு நாள் இருந்தது. இவர் நடக்க வேண்டுமென்றால் இழை நடக்க வேண்டும். இழை நடக்க வேண்டுமென்றால் பதினெட்டு வீடும் சாப்பிட வேண்டும்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பதினெட்டாம் வீட்டுக்கு நடந்தாள். அந்த வாசல்படியில் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. வெள்ளைத்துரை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உள்ள வரலாமா அண்ணாச்சி?"

அவர் எழுந்து, எதை எடுத்து வைப்பது என்று தெரியாமல் பாயை விரித்து, பிறகு அதைச் சுருட்டி, நாற்காலியை எடுத்துப் போட்டார். அவர் மனைவி ஒரு தட்டில் சேவைக் கொண்டுவந்து தள்ளியே வைத்தாள். சங்கரேஸ்வரி தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டு ஒரு கை அள்ளினாள்.

"பசிதான் தங்கச்சி" என்றார் வெள்ளைத்துரை. "வேற ஒன்னும் இல்ல. என் ஒருத்தனால லைனே பட்டினி கிடக்கு. வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிரலாமான்னு இருக்கு."

பேசிக்கொண்டே அவரும் தட்டிலிருந்து ஒரு சேவை எடுத்தார், பாதி கடித்தார், உப்புப் பார்ப்பதுபோல் ஒரு கணம் கண்ணை மூடினார், மீதிப் பாதியைத் தட்டிலேயே போட்டார். அடுத்ததை எடுத்தார்.

சங்கரேஸ்வரியின் கை நின்றது.

"அண்ணாச்சி, இப்ப என்ன செஞ்சீங்க?"

அவர் தன் விரல்களைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "ஐயையோ. இருபத்திரெண்டு வருஷப் பழக்கம் தங்கச்சி. கை தானாச் செய்யுது. எண்ணெயில போட்டெடுக்குற ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒன்னு கடிச்சு உப்புக் காரம் பாக்கணும்."

"மீதிப் பாதி?"

"ஆரம்பத்துல தூரப் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் வெள்ளைத்துரை. தட்டில் கிடந்த பாதிச் சேவைப் பார்த்தார்.

"நாங்க தீபாவளிக்கு உங்க கடையில வாங்குற சேவு?"

"எல்லாம் நான் போட்டதுதான்."

சங்கரேஸ்வரி அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டாள். "சட்டையைப் போடுங்க அண்ணாச்சி. வாங்க."

அடிபம்படியில் மறுபடியும் கூட்டம் கூடியது. நடுவில் தட்டை வைத்தாள். வெள்ளைத்துரை மறைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஈட்டுக்கு ஒன்று, நாளைக்கு நாற்பது ஈடு, வருஷம் இருபத்திரண்டு என்று நடந்ததை அப்படியே சொன்னார். எல்லார் முகத்திலும் இருபத்திரண்டு தீபாவளி வந்து போனது.

"போன தடவை ரெண்டு கிலோ வாங்கினேனே அண்ணாச்சி" என்றார் மரியபுஷ்பம் மெதுவாக. "வளைகாப்புக்கும் உங்க கடையிலதான்."

வெள்ளைத்துரை மனதுக்குள் போட்டுப் பார்த்தார். "ரெண்டு கிலோவுல ஒரு நாலஞ்சு இருந்திருக்கும் மதினி."

"என் மாமியார் அதை நல்லா இருக்குன்னு ஊருக்கு வேற கட்டிட்டுப் போச்சு" என்றது பதினேழாம் வீடு. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது. முதலில் சிரித்தவர் தபால்காரர். பிறகு ஐந்தாம் வீடு. பிறகு பதினேழாம் வீட்டுக்காரியே சிரிப்புத் தாங்காமல் பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, அது அழுந்தி எல்லார் காலிலும் தண்ணீர் விழுந்தது.

"அப்போ நாமல்லாம் இருபத்திரெண்டு வருஷமா ஒரே இலையில சாப்பிட்டிருக்கோம்" என்றாள் சங்கரேஸ்வரி. "இப்ப புதுசா என்ன எச்சில்?"

தட்டிலிருந்து ஒரு பாதிச் சேவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மரியபுஷ்பம் சிலுவை போட்டுக்கொண்டு இன்னொன்றை எடுத்தார். தட்டு சுற்றி வந்தது. பதினேழாம் வீடு முழுச் சேவாகப் பார்த்துத்தான் எடுத்தது, ஆனால் எடுத்தது.

இருந்தாலும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்று வெள்ளைத்துரையே கேட்டுக்கொண்டார். "எனக்குக் கை தானாப் போகும். நுனி வரும்போது யாராவது ஞாபகப்படுத்துனா கத்திரிக்கோலைக் கையில எடுத்துருவேன்."

"நான் ஹார்ன் அடிக்கேன்" என்றார் குருசாமி. எப்போது நாற்காலியை விட்டு எழுந்து வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. கையில் நுனி இருந்தது.

அன்றைக்கு மதியமே முதல் டிரிப் புறப்பட்டது. பதினேழு வாசலில் வேகம் குறைத்து, பதினெட்டாவது வாசலில் நின்று, வாயாலேயே "பாம் பாம்" என்று அடிப்பார் குருசாமி. வெள்ளைத்துரை கத்திரிக்கோலைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு வெளியே வருவார். இரண்டு நாள் சேர்ந்த பாக்கி இழை இருந்ததால் டிரிப்பும் கூடியது. காலையில் பத்து, மதியம் பத்து, சாயங்காலம் எட்டு. சங்கரேஸ்வரி தினமும் இத்தாலித் தாளைப் பார்த்துச் சமைத்தாள், தக்காளியும் கீரையும் மாற்றி மாற்றிப் போட்டாள், தாளின் கடைசி வரியை மட்டும் மடித்துவிட்டாள்.

இருபத்தோராம் நாள் குருசாமி சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவளும் கூடப் போய், விரல்களைப் பின்னிக்கொண்டு சுவரோரம் நின்றாள். டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூற்று எழுபத்தொன்று.

"பரவாயில்லையே. என்ன சாப்பிட்டீங்க?"

"பாஸ்தா சார்."

"பாஸ்தாவா? எவ்வளவு?"

"ஒன்னு."

"ஒரு தட்டா?"

"தட்டு இல்ல சார். ஒன்னே ஒன்னுதான். மூணு வாரமா அந்த ஒன்னுதான் சாப்பிடுதேன்."

டாக்டர் சங்கரேஸ்வரியைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். இவ்வளவு கடுமையாக இருக்க வேண்டாம், காலையில் இரண்டு இட்லி எடுத்துக்கொள்ளலாம், மாத்திரையை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓட்டுநர் பணிக்குத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நடக்கிறீங்களா?" என்று கேட்டார். "அதெல்லாம் கிடையாது சார்" என்றார் குருசாமி பெருமையாக. சங்கரேஸ்வரி ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மரியபுஷ்பம் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். உரலின் கண்ணிலிருந்து இழையின் வால் வெளியே வந்து, தண்ணீரில் விழுந்து, மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, வந்தபோதும் கேட்கவில்லை. கடைசியாக எஞ்சியது ஒரு முழம்தான். குருசாமி அதைக் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் பதினேழு வாசலில் வேகம் குறைத்து, பதினெட்டில் ஹார்ன் அடித்தார். வெள்ளைத்துரை அதைப் பதினெட்டுத் துண்டாக வெட்டினார். ஒரு துண்டைக்கூடக் கடித்துப் பார்க்கவில்லை, அதற்காக இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று மைத்துனி சொன்னார்.

சங்கரேஸ்வரி உரலைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். வீட்டில் சீனி இல்லை. ஒரு பிடி வறுத்த கடலையைப் போட்டு மூடி மரியபுஷ்பத்திடம் கொடுத்தாள். அவர் குலுக்கிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

நான் கேட்டது இவ்வளவுதான். கேட்டதை அப்படியே எழுத மனம் ஒப்பவில்லை. போன மாதம் கோவில்பட்டிக்குப் போய் அந்த ஐந்து நாற்பது பேருந்தில் ஏறினேன். ஓட்டுநர் சட்டையில் பெயர் இருந்தது, அவர்தான். பேசத் தைரியம் வரவில்லை, பின்னால் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து எண்ணினேன். ஊரை விட்டு வெளியே வந்ததிலிருந்து அடுத்த நிறுத்தம் வரைக்கும் இரண்டு பக்கமும் வெறும் கரிசல், ஒரு வீடு கிடையாது, ஒரு ஆள் கிடையாது. அந்தத் தூரத்துக்குள் வண்டி பதினேழு தடவை வேகம் குறைந்தது. பதினெட்டாவது தடவை நின்றேவிட்டது. குருசாமி இரண்டு முறை ஹார்ன் அடித்தார், கொஞ்சம் பொறுத்தார், பிறகு போனார்.